குஞ்சின் குலமறிதல்

புறக்கடையில் மேயும் கோழிக்குஞ்சுகளைக் கண்டு, 'இஃது எச் சேவலின் வழி வந்தது?' என வினவுவோர் பலர். கருநிறக் குஞ்சுக்குக் கருஞ்சேவலே தந்தை எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பலகாற் பிழைபடும். முட்டைக் காசே உப்புக்கும் எண்ணெய்க்கும் உதவும் குடும்பங்களில், எச் சேவலை வைத்துக்கொள்வது, எதனை விற்பது என்பது சிறு வினாவன்று. ஆதலின் பண்புகள் பெற்றோரிடமிருந்து இறங்கும் ஒழுங்கினை ஈண்டுச் சுருங்க ஆராயப் புகுகின்றோம்.

வினா பழமையானதே. யாக்கோபு, புள்ளியும் வரியும் உடைய ஆடுகளைத் தன் கூலியாகக் கேட்ட வரலாற்றை ஆதியாகமத்தில் யாவரும் படித்துள்ளோம். பட்டை உரித்த கொப்புகளைத் தாயாடுகள் கண்டமையாற் குட்டிகள் வரியுடன் பிறந்தன என முன்னோர் பலர் கருதினர். தாய் கண்ட பொருள் குட்டியின் நிறத்தை மாற்றாது என்பது இன்றைய நூற்றுணிபு. ஒருநிற ஆடுகளில் மறைந்து கிடந்த பண்பே பின்னர் வெளிப்படும். இம் மறைவையும் வெளிப்பாட்டையும் எண்ணிக் கணக்கிட்டு விளக்கியவர் கிரெகோர் மெண்டல் என்னும் துறவியார். பட்டாணிச் செடிகளில் அவர் கண்ட முடிபுகள் 1866-இல் அச்சாயின. 1900-இலேதான் அறிஞர் அவற்றின் அருமையை உணர்ந்தனர். அவை கோழிகட்கும் பொருந்துமென 1902-இல் பேட்சன் காட்டினார்.

ஒவ்வொரு பண்பிற்கும் உயிரிடத்து இரண்டு காரணிகள் உள. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இரண்டனுள் ஒன்றாயினும் வெளித்தோன்றுவது ஓங்குகுணம். இரண்டும் ஒத்தாலன்றித் தோன்றாதது ஒடுங்குகுணம்.

பழந்தமிழர் 'சூட்டு' என வழங்கிய கொண்டையே இதற்குத் தக்க சான்று. நாட்டுக் கோழிகளிற் பெரும்பாலும் காண்பது வாள்போற் பல்லுடைய ஒற்றைக் கொண்டை, அது ஒடுங்குகுணம். அசீல் என்னும் சண்டைச் சேவலுக்குத் தாழ்ந்த மூவரிசைப் பட்டாணிக் கொண்டை. வையண்டாட் இனத்திற்குத் தட்டையான ரோஜாக் கொண்டை. இவ்விரண்டும் ஓங்குகுணங்கள். தூய ரோஜாக் கொண்டையும் தூய பட்டாணிக் கொண்டையும் கூடின், பிறப்பன அனைத்தும் வாதுமைக் கொண்டை என்னும் புதுவடிவம் பெறும். அவற்றைத் தம்முள் இணைப்பின், பதினாறனுள் ஒன்பது வாதுமை, மூன்று ரோஜா, மூன்று பட்டாணி, ஒன்று ஒற்றை என்னும் அளவிற் குஞ்சுகள் எதிர்பார்க்கப்படும். பாட்டன் பாட்டி எவரிடத்தும் காணாத ஒற்றைக் கொண்டை பேரனிடத்துத் தோன்றுதல் காண்க.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒற்றைக் கொண்டையுடைய கறுப்புப் பேடு ஒன்று. அசீல், வரியிறகுடைய பிளிமத் ராக், செந்நிற நாட்டுச் சேவல் என மூன்று சேவல்கள். பின்னவை இரண்டும் ஒற்றைக் கொண்டையின. பட்டாணிக் கொண்டையுடன் வளரும் குஞ்சு அசீலின் வழியது. ஓங்குகுணமாகிய அது மற்றையோரிடம் ஒளிந்திருத்தல் இயலாது. வரியிறகும் ஓங்குகுணமே, அதனையுடைய குஞ்சு பிளிமத் ராக்கின் வழியது. இவ் வரி பாலோடு பிணைந்தது. பேடு தன் வரிக்காரணியை ஆண்மக்கட்கே அளிக்கும், பெண்மக்கட்கு அளியாது. ஆதலின் தாய் வரியுடையதாயினும், மகளிடத்துக் காணும் வரி தந்தையினதே. வெண்கோழியிடத்து மட்டும் இச் சோதனை செல்லாது. வெண்ணிறம் வரியை மறைத்துவிடும்.

ஒற்றைக் கொண்டையும் வரியின்மையும் உடைய குஞ்சு யாருடையது? நாட்டுச் சேவலே எனத் துணிதல் தவறு. அசீல் கலப்புடையதாயின் தன் குஞ்சுகளிற் பாதிக்கு ஒற்றைக் கொண்டையே தரும். இதனை உணராது, 'இச் சேவல் பயனற்றது' என நல்ல சேவலை விற்று நட்டமுறுவோர் உளர். பண்பு இருத்தல் சான்று, இல்லாமை சான்றாகாது.

ஐயம் தீர்க்க வழியுண்டு. ஒற்றைக் கொண்டைப் பேடுகளுடன் அச் சேவலை மட்டும் விடுக. பேட்டின் உடலில் முன்னைச் சேவலின் வித்து இரண்டு மூன்று வாரம் தங்குமாதலின், மூன்று வாரம் கழித்து முட்டைகளை அடைவைக்க. ஒரு குஞ்சேனும் ஒற்றைக் கொண்டையுடன் பிறப்பின் சேவல் கலப்புடையது. ஏழும் பட்டாணிக் கொண்டையே எனின், அது கலப்புடையதாயிருந்து அவ்வாறு நிகழ்தற்கு 128-இல் ஒரு வாய்ப்பே உண்டு.

கலப்பு இழிவெனக் கருதற்க. ரோஜாக் கொண்டைக் காரணி இரண்டும் பெற்ற தூய சேவல்கட்கு வித்தின் வலிமை குறைவு. ஒன்றே பெற்ற கலப்புச் சேவல்கட்கு அக் குறையில்லை. வையண்டாட் மந்தைகளில் எத்துணை விலக்கினும் ஒற்றைக் கொண்டை மீண்டும் மீண்டும் தலைகாட்டுதற்கு இதுவே காரணம். குலத்தூய்மையையே நோக்கித் தெரிந்தெடுப்பவர் பொரியா முட்டைகளையும் ஏற்க நேரும்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், ஓர் ஈட்டுக் குஞ்சுகளையேனும் கொண்டையும் நிறமும் குறித்து எண்ணி வருவாராக. தோற்றங்கண்டு விரைந்து தீர்ப்பளியாமையை அப் பயிற்சி நமக்குக் கற்பிக்கும்.