வருமான வரி இல்லாத டெக்சாஸ் மலிவா?

கேள்வி: கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தால் செலவு குறையுமா?

பதில்: வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் குறையும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. வீட்டு விலையும் வாடகையும் குறைவு. ஆனால் சொந்த வீடு வாங்குமுன் சொத்து வரியைப் பாருங்கள். 2 சதவீதத்தை ஒட்டி வரி வரும் ஊர்களில் 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர் கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் 1978 சட்டப்படி அடிப்படை வரி 1 சதவீதம்தான். வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

குழந்தை பிறந்தால் கலிஃபோர்னியா 8 வாரம்வரை சம்பளத்தின் ஒரு பகுதியைத் தருகிறது. டெக்சாஸில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. கோடையில் ஏசி கட்டணமும் கையைக் கடிக்கும். வரியை மட்டும் பார்க்காமல், குடும்பத் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.