டன்னுக்குள் இருக்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கம்பைநல்லூரில் சிறிய ரைஸ் மில் நடத்துகிறேன். நெல் அவிக்கும் பாய்லருக்கு, கடலைத்தோலும் மரத்தூளும் சேர்த்துச் செய்த பிரிக்கெட் 10 டன் வாங்கினேன். தயாரிப்பாளர் அனுப்பிய கொட்டேஷனில் ‘கலோரி மதிப்பு 4,000 கிலோகலோரிக்குக் குறையாது’ என்று இருந்தது. அதன்படியே ஆர்டர் கொடுத்தேன். வழக்கத்தைவிட அதிகம் எரிந்ததால் நான்காம் நாளே வாட்ஸ்அப்பில் குறை சொன்னேன். லேப் ரிப்போர்ட்டில் 3,600 தான், ஈரம் 12 சதவீதம். விற்றவரோ ‘உலர் கணக்கில் 4,090 வருகிறதே’ என்கிறார். பாதி எரிந்துவிட்டது, பணம் இன்னும் பாக்கி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், கம்பைநல்லூர்

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை, உங்கள் லேபும் தப்பாகச் சொல்லவில்லை. 12 சதவீத ஈரத்தோடு 3,600 என்றால், ஈரத்தைக் கழித்த கணக்கில் 4,090 வரத்தான் செய்யும். எரியும்போது உண்டாகும் நீராவி புகைபோக்கி வழியே கொண்டுபோகும் வெப்பத்தையும் கழித்தால் அதே பிரிக்கெட் ஏறக்குறைய 3,250க்கு இறங்கும். முதல் இரண்டும் மொத்த வெப்ப மதிப்பு (ஜிசிவி), மூன்றாவது நிகர மதிப்பு (என்சிவி). எந்தக் கணக்கு என்று கொட்டேஷன் சொல்லவில்லை. சண்டையே அங்கேதான்.

பெரிய இடத்திலும் இதே தகராறு உண்டு. 2014-19 மின்கட்டண விதிகளில், நிலக்கரியின் ஜிசிவியை ‘வந்து சேர்ந்த நிலையில்’ கணக்கிட வேண்டும் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. மாதிரியை எந்த இடத்தில் எடுப்பது என்று என்டிபிசி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2016 ஜனவரியில், ரயில் வேகனிலேயே எடுக்க வேண்டும் என்று ஆணையம் முடிவு சொன்னது.

உங்களுக்குச் சாதகமான வாதம் எடைமேடைச் சீட்டில் இருக்கிறது. விலை பேசியது டன்னுக்கு. எடை போட்டது ஈரத்தோடு. காசு வாங்கும்போது தண்ணீரையும் சேர்த்து நிறுத்தவர், வெப்பத்தைக் காட்டும்போது மட்டும் அதைக் கழிக்க முடியாது. வாசகத்தை எழுதியதும் அவரே. குழப்பமான வாசகத்தை எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்வது நீதிமன்ற வழக்கம். ஆனால், ‘உலர் நிலை’ என்று குறித்த டெஸ்ட் ரிப்போர்ட்டை அவர் முன்கூட்டியே அனுப்பியிருந்தால் இந்த வாதம் பலமிழக்கும். உங்கள் மெயிலைத் தேடிப் பாருங்கள். என்சிவியைப் பிடித்துக்கொண்டு 19 சதவீதம் கேட்க வேண்டாம். நம் ஊர் எரிபொருள் வியாபாரம் ஜிசிவியில்தான் நடக்கிறது.

பாதியை எரித்துவிட்டதால் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி அதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். மீதியைத் திருப்பி அனுப்பும் உரிமையும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பிரிவு 59 இருக்கிறது: குறைபாட்டுக்கு ஏற்ப விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். 4,000க்கு 400 குறைவு, அதாவது 10 சதவீதம். அதைப் பிடித்துக்கொண்டு மீதியை உடனே செலுத்திவிடுங்கள்.

முழுப் பணத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள். அவர் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, கெடு தாண்டிய பாக்கிக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி ஏறும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். உங்கள் வாட்ஸ்அப் செய்தி இங்கே கைகொடுக்கும். அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

லேப் ரிப்போர்ட்டில் ஓட்டை ஒன்று உண்டு: மாதிரியை நீங்கள் தனியாக எடுத்தீர்கள். அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் ஆள் முன்னால் மீதிச் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, சீல் வைத்து, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ‘உன் ஷெட்டில்தான் ஈரம் ஏறியது’ என்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

நுகர்வோர் ஆணையம் கடினம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்ற விலக்கு, ஆட்களை வைத்து நடத்தும் மில்லுக்குப் பொருந்துவது சிரமம். சிவில் வழக்குதான் வழி. மூன்று ஆண்டுக் கெடு. பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு இதில் வேலையே இல்லை. 1923 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டு பாய்லர் சட்டம் பார்ப்பது கலன் வெடிக்காமல் இருக்கிறதா என்பதை.

அடுத்த ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: ‘வந்து சேர்ந்த நிலையில் ஜிசிவி கிலோவுக்கு 4,000 கிலோகலோரி, ஈரம் 10 சதவீதத்துக்கு மிகாது, லாரியிலேயே கூட்டாக மாதிரி எடுக்கப்படும், குறையும் கலோரிக்கு ஏற்ப விலை குறையும்.’