பத்தாயிரம் மணி நேரம் பறந்தவரும் ஏன் தவறுகிறார்?

2010 மே 22 காலை ஆறு மணி வாக்கில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 மங்களூரில் இறங்கியது. ஓடுபாதையின் நீளம் 8,033 அடி. அதில் ஏறத்தாழ 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சமிருந்த தூரத்தில் அந்த போயிங் 737 நிற்கவில்லை. குன்றின் உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர்.

கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானியின் அனுபவம் அதில் பாதிகூட இல்லை. இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறச் சொல்லும் ‘கோ-அரவுண்ட்’ என்ற சொல்லை மூன்று முறை சொன்னவர் அந்தத் துணை விமானிதான். விசாரணை அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். அதே நிறுவனம், அதே ரக விமானம், புறப்பட்டதும் அதே துபாய். இங்கும் குன்றின் மேல் அமைந்த ஓடுதளம்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலேறி, மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாதையின் பாதித் தூரம் கடந்த பிறகே சக்கரம் பட்டது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் அதில் அடக்கம். விமானப்படையில் பணியாற்றிய அந்தக் கேப்டனும் பத்தாயிரம் மணி நேரம் தாண்டியவர். இங்கும் துணை விமானி ‘கோ-அரவுண்ட்’ சொன்னார். இங்கும் அது நிறைவேறவில்லை.

விமானிகளின் அனுபவத்தைப் பற்றி நாம் சாதாரணமாக நம்பிக்கொண்டிருப்பவை இந்த இரண்டு விபத்துகளின் விசாரணை அறிக்கைகளையும் படித்தபின் அப்படியே நிற்காது. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: மூத்த கேப்டன் ஓட்டினால் பயமில்லை

பாதி உண்மை. பறந்த நேரம் பல நல்லவற்றைத் தருகிறது. எஞ்சின் சத்தத்தில் ஏற்படும் சின்ன மாற்றம், மேகத்தின் நிறம், கட்டுப்பாட்டு அதிகாரியின் குரலில் தெரியும் பதற்றம் ஆகியவற்றைப் புதியவர் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போது, மூத்தவருக்கு நிலைமை முழுதாகப் புரிந்துவிடும். இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அனுபவம் கற்றுத்தருவதெல்லாம் சரியான பாடமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு விதி இருக்கிறது: தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்கு வரும்போது விமானத்தின் வேகம், இறங்கும் விகிதம், திசை, சக்கரம், இறக்கை மடல்கள் எல்லாம் சீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கக் கூடாது, மேலேற வேண்டும். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற சர்வதேச அமைப்பு பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. சீரில்லாமல் இறங்கி வந்த விமானங்களில் ஏறத்தாழ 97 சதவீதம் மேலேறவே இல்லை, தரையிறங்கிவிட்டன என்பது அதன் கண்டுபிடிப்பு.

இந்த எண்ணை நாம் நின்று யோசிக்க வேண்டும். அப்படி இறங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தச் சேதமும் இல்லாமல் நின்றிருக்கின்றன. பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். விமானி அதில் என்ன கற்றிருப்பார்? ‘கொஞ்சம் வேகமாக வந்தேன், சமாளித்துவிட்டேன்’ என்பதைத்தான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். விதியை மீறிய ஒவ்வொரு முறையும் தண்டனை கிடைக்காமல் போவதால், மீறல் திறமையின் அடையாளமாக மனசுக்குள் பதிந்துவிடுகிறது. இருநூறு மணி நேரம் பறந்தவரிடம் இப்படிச் சேர்ந்த கணக்கு குறைவு. பத்தாயிரம் மணி நேரம் பறந்தவரிடம் அது கனமாக இருக்கலாம்.

மங்களூரில் வேறொன்றும் சேர்ந்தது. காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது கேட்கிறது. விழித்தபோது இறங்க வேண்டிய வேளை நெருங்கிவிட்டது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் தீர்மானிக்கும் திறன் சிறிது நேரம் மந்தமாகவே இருக்கும், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும். கோழிக்கோட்டுக் கேப்டனுக்கு மறுநாள் காலை விமானத்தை ஓட்டும் பொறுப்பு இருந்தது. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அதிலிருந்து வந்ததாக அறிக்கை சொல்கிறது. அந்தத் தளத்தில் போதிய கேப்டன்களை நிறுவனம் வைத்திருக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசுவது இறந்துபோன மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

நம்பிக்கை: ஆரம்பத்தில்தான் ஆபத்து, சில நூறு மணி நேரம் தாண்டினால் கரையேறிவிடலாம்

அமெரிக்காவில் பால் கிரெய்க் என்ற விமானப் பயிற்சியாளர் 2001இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறு விமானம் ஓட்டுபவர்களின் மரண விபத்துகள் 50 முதல் 350 மணி நேரம் பறந்தவர்களிடையே குவிந்திருப்பதாகக் காட்டினார். ‘கொலைக்களம்’ என்று அவர் அந்தக் கட்டத்துக்கு வைத்த பெயர் உலகமெங்கும் பரவியது. இன்றும் பயிற்சிப் பள்ளிகளில் சொல்கிறார்கள்: 350 தாண்டிவிட்டாயா, இனிக் கவலையில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டத்தில் விபத்துகள் அதிகம் என்பதற்கு ஒரு காரணம் அந்தக் கட்டத்தில் விமானிகளே அதிகம் என்பதுதான். எண்ணிக்கையைப் பார்ப்பது வேறு, விகிதத்தைப் பார்ப்பது வேறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் மருத்துவ ஆய்வு நிலையம் பின்னர் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தது. ஆபத்து ஏறி இறங்குவது உண்மைதான், ஆனால் இறங்கும் சரிவு மிக நீளமானது, 2,000 மணி நேரம் வரையும் அதற்கு அப்பாலும் நீள்கிறது என்று தெரிந்தது. 350இல் யாரும் கரையேறுவதில்லை.

1,500 என்ற எண்ணுக்கும் இதே கதிதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக, அந்நாட்டில் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் கட்டாயம் என்று 2013இல் விதி வந்தது. ஆனால் கோல்கன் விமானிகள் இருவருமே 1,500ஐ எப்போதோ தாண்டியவர்கள். கேப்டன் முந்தைய திறன் தேர்வுகள் சிலவற்றில் தோற்றிருந்தார். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டியவர் தூக்கினார். எத்தனை மணி நேரம் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அந்த மணி நேரத்தில் என்ன கற்றார் என்பதற்கு அதில் இடமில்லை.

நம்பிக்கை: வயதும் அனுபவமும் கூடினால் துணிச்சல் தானாகக் குறையும்

வயதான விமானியும் உண்டு, துணிச்சலான விமானியும் உண்டு, இரண்டும் சேர்ந்தவர் கிடையாது என்று விமானிகளிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. ஸ்காட் கிராஸ்ஃபீல்டின் வாழ்க்கை அந்தப் பேச்சுக்கு அடங்காது. 1953 நவம்பர் 20 அன்று ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முதன்முதலில் பறந்த மனிதர் அவர். ராக்கெட் விமானங்களைச் சோதித்துப் பார்த்துப் பிழைத்தவர். 2006 ஏப்ரலில், 84 வயதில், தன் சின்ன செஸ்னா 210ஐத் தனியாக ஓட்டிக்கொண்டு அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார். ஜார்ஜியா வானில் இடி மேகத்துக்குள் விமானம் சிதைந்தது. வழியில் வானிலை மாறியதைப் பற்றிய புதிய தகவலை அவர் பெறவில்லை. கட்டுப்பாட்டு அதிகாரி அந்த மேகத்தைப் பற்றி எச்சரிக்கவும் இல்லை. விசாரணை இருவர் பக்கமும் குறை கண்டது.

ஆபத்தைக் காண்பது ஒன்று, ஆபத்துக்கு இணங்குவது இன்னொன்று. விமானிகளின் மனத்தை ஆராய்பவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள். புதியவர் மேகத்துக்குள் நுழைந்தால், பெரும்பாலும் அது எவ்வளவு மோசமானது என்று தெரியாமல் நுழைகிறார். மூத்தவருக்கு அது தெரியும். தெரிந்தும், ‘இதைவிட மோசமானதைப் பார்த்தவன் நான்’ என்று நுழையக் கூடும். முதலாமவருக்குப் பாடம் நடத்தினால் போதும். இரண்டாமவரை எந்தப் பாடமும் எட்டாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலுக்கு அதிகாரமும் வேண்டும்.

வயதைப் பற்றி எதிர்த்திசையிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு: ஐம்பது தாண்டினால் கை தளர்ந்துவிடும் என்பது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 40 முதல் 69 வயது வரையான 118 விமானிகளை மூன்று ஆண்டுகள் சிமுலேட்டரில் பரிசோதித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர்ந்த தகுதி பெற்றவர்களிடம் வயதால் வரும் சரிவு குறைவாகவே இருந்தது. அந்த வகையில் அனுபவம் உண்மையிலேயே காக்கிறது.

நம்பிக்கை: நெருக்கடியில் அனுபவசாலி ஒருவரே முடிவெடுக்க வேண்டும்

இவற்றில் இதுதான் அதிகம் பேரைக் கொன்ற நம்பிக்கை என்பது என் எண்ணம்.

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுத் தலைவரே கேப்டன் இருக்கையில் இருந்தார். நிறுவனத்தின் விளம்பரங்களில் வந்த முகம். அவர் மேலெழுவதற்காக விமானத்தை ஓடவிட்டபோது, அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானம் விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி இறந்தவர்கள் 583 பேர். வானொலியில் குரல்கள் மோதிக்கொண்டது, பணி நேர வரம்பு நெருக்கியது என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னொரு முறை, உரத்துக் கேட்கப்பட்டிருந்தால் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் யுனைடெட் 173 அமெரிக்காவின் போர்ட்லாண்டில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரக் கோளாறில் மூழ்கிப்போன கேப்டன், எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைப் பொருட்படுத்தவில்லை. 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். உடன் இருந்தவர்களுக்கு எரிபொருள் நிலை தெரியும். தெரிந்ததை அழுத்திச் சொல்ல முடியவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள்.

இதற்குப் பின்தான் யுனைடெட், காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கவும் மறுத்துச் சொல்லவும் பழக்கும் பயிற்சியை 1981இல் தொடங்கியது. 1989இல் அதே நிறுவனத்தின் 232ஆம் விமானத்தில் வால் எஞ்சின் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. கேப்டன் அல் ஹெய்ன்ஸ் 30,000 மணி நேர அனுபவசாலி. பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானி உதவ முன்வந்தபோது, அவரைக் காக்பிட்டுக்குள் வரச்செய்து எஞ்சின் விசைகளை அவர் கையில் கொடுத்தார். திருப்பவே முடியாத அந்த விமானத்திலிருந்து 184 பேர் உயிரோடு வந்தார்கள். மூவரும் நால்வரும் சேர்ந்து யோசித்ததால்தான் முடிந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் ஹெய்ன்ஸ். இருபதாண்டு கழித்து ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய கேப்டன் சல்லன்பெர்கரும், அந்தச் சில நிமிடங்களுக்குள் தன் துணை விமானியிடம் ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டார்.

1978 முதல் 1990 வரை நடந்த 37 பெரிய விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அலசியபோது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் கேப்டன். வழக்கமாக இருவரும் மாறி மாறித்தான் ஓட்டுவார்கள். துணை விமானி ஓட்டினால் அவர் தவற்றைக் கேப்டன் ‘விடு’ என்று சொல்லித் தடுத்துவிடலாம். கேப்டன் ஓட்டும்போது அந்தச் சொல் கீழிருந்து மேலே போக வேண்டும். மங்களூரில் அது மூன்று முறை போனது.

நம்பிக்கை: இறங்க வந்த விமானம் மறுபடி மேலேறினால் கேப்டன் சொதப்பிவிட்டார்

சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் எஞ்சின் உறுமி விமானம் சட்டென மேலேறும்போது பயணிகள் அலறுவதும், இறங்கியபின் ‘அனுபவமில்லாத ஆள்’ என்று முணுமுணுப்பதும் வழக்கம். நேர்மாறாக நினைக்க வேண்டிய தருணம் அது. ஒன்று சரியில்லை என்று ஒருவர் கண்டார், அல்லது பக்கத்தில் இருப்பவர் சொன்னார், மற்றவர் கேட்டார். பல நிறுவனங்கள் கோ-அரவுண்ட் செய்த விமானியைக் கேள்வி கேட்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கின்றன. அதற்கான எரிபொருளும் புறப்படும்போதே ஏற்றப்படுகிறது: மாற்று விமான நிலையம் வரை போவதற்கும், அங்கே மேலும் 30 நிமிடம் சுற்றுவதற்கும். பயணிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் கால் மணி நேரம்.