விண்டோஸ் கணினியில் லினக்ஸ் ஷெல்: எதைப் போடுவது?

கேள்வி: உயிரித் தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்கிறேன். டி.என்.ஏ. வரிசைக் கோப்புகளோடு வேலை செய்ய லினக்ஸ் கட்டளைகள் தெரிந்தே ஆக வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். தம்பியும் அதில்தான் படிக்கிறான் என்பதால் விண்டோஸை எடுக்க முடியாது. கிட் பாஷ் போதும் என்கிறாள் தோழி, சிக்வின் போடச் சொல்கிறார் சீனியர், டபிள்யூ.எஸ்.எல்.தான் சரி என்கிறார்கள் வேறு சிலர். எதைப் போடட்டும்?

பதில்: உங்கள் வேலைக்கு டபிள்யூ.எஸ்.எல். 2 போடுங்கள்.

உங்கள் சீனியர் சொல்லும் சிக்வின் 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்தது. யூனிக்ஸ் நிரல்கள் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஒரு டி.எல்.எல். கோப்புதான் அதன் உயிர். ஆனால் லினக்ஸுக்காகத் தயாரான நிரல் அதில் அப்படியே ஓடாது; மூல நிரலை எடுத்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கிட் பாஷும் அதே வழியில் வந்ததுதான். கிரெப், செட், ஆக் எல்லாம் அதிலும் உண்டு. கட்டளைகளைப் பழக அது தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் பயன்படுத்தப்போகும் சாம்டூல்ஸ் போன்ற மென்பொருள்களைத் தரும் பயோகோண்டா, லினக்ஸுக்கும் மேக்குக்கும்தான் தொகுப்புகளைத் தருகிறது. அங்கேயே முடிவு தெரிந்துவிடுகிறது. டபிள்யூ.எஸ்.எல்.லின் இரண்டாம் பதிப்பு, விண்டோஸுக்குள் ஒரு சிறு மெய்நிகர் இயந்திரத்தில் அசல் லினக்ஸ் கெர்னலையே ஓட்டுகிறது.

முதலில் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தைத் திறந்து, 'விர்ச்சுவலைசேஷன்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் போய் அதை இயக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு, டெர்மினல் (அட்மின்). 'டபிள்யூஎஸ்எல்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறுகோடுகளை ஒட்டி 'இன்ஸ்டால்' என்று அடித்தால் உபுண்டு இறங்கும். கணினியை மறுதொடக்கம் செய்து உபுண்டுவைத் திறந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். லினக்ஸின் வழக்கமே அதுதான்.

இதற்குப் பிறகுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லினக்ஸுக்குள்ளிருந்து பார்த்தால் உங்கள் சி டிரைவ் 'எம்என்டி' என்ற அடைவின் கீழ் தெரியும். அங்கேயே கோப்புகளை வைத்து வேலை செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு கோப்பைத் தொடும்போதும் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். தரவை லினக்ஸின் ஹோம் அடைவுக்கு நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலிருந்து அதைப் பார்க்க வேண்டுமானால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டியலில் பென்குயின் படத்தோடு 'லினக்ஸ்' என்று இருக்கும்.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது உங்கள் ஆய்வு முடிவையே பொய்யாக்கிவிடும். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கிறது. யூனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை பாஷில் ஓட்டினால் ஏதாவது பிழைச்செய்தியாவது வரும். ஆனால் எக்செலில் மரபணுப் பெயர்களைப் பட்டியலிட்டு, சி.எஸ்.வி.யாகச் சேமித்து, அந்தப் பட்டியலைக் கிரெப்பிடம் கொடுத்துத் தேடச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது, பிழைச்செய்தியும் வராது. ஒவ்வொரு பெயரின் வாலிலும் அந்தக் கூடுதல் குறி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். 'இந்த மரபணுக்கள் மாதிரியில் இல்லை' என்று நீங்கள் குறித்துக்கொள்ளவும் கூடும். விண்டோஸிலிருந்து வரும் எந்த உரைக்கோப்பையும் 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு நிரலில் ஒருமுறை போட்டு எடுத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ராம் விஷயத்தில், டபிள்யூ.எஸ்.எல். வழக்கமாக மொத்தத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் 4 ஜிபி. பாக்டீரிய மரபணுத்தொகுதி போன்ற சிறியவற்றுக்கு அது போதும். மனித மரபணுத்தொகுதியை இந்த லேப்டாப்பில் முயல வேண்டாம். துறையின் சர்வரில் எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைந்து செய்யுங்கள். இங்கே பழகிய கட்டளைகள் அங்கும் செல்லும். தம்பியின் முறை வரும்போது, முதலில் நிறுவிய அதே கட்டளையில் 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'ஷட்டவுன்' என்று கொடுத்தால் அந்த நினைவகம் முழுவதும் விண்டோஸுக்குத் திரும்பிவிடும்.

அதே வரிசையில் 'அன்ரெஜிஸ்டர்' என்றொரு கட்டளையும் இருக்கிறது. அது உபுண்டுவை மட்டுமல்ல, ஹோம் அடைவில் நீங்கள் வைத்திருக்கும் அத்தனை தரவையும் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். ஏதோ கோளாறு, திரும்ப நிறுவிப் பார்க்கலாம் என்று அதைத் தொடுவதற்கு முன், 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் முழுவதையும் ஒரே கோப்பாக வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.