எந்த வேலைக்கு எந்த அடுப்பு?

திருவள்ளூர் மாவட்டம் மணவூரில், சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் விடியும் முன்பே அடுப்பு எரிந்தாக வேண்டும். அரக்கோணத்திலிருந்து வரும் மின்சார ரயில், சோறு வேகும்வரை நிற்காது. அதே தெருவில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுக்கு அந்த அவசரம் இல்லை. கொல்லையில் சுள்ளி கிடக்கிறது, அதற்குக் காசும் இல்லை. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பைச் சிபாரிசு செய்ய முடியாது. ஒரே வீட்டுக்குக்கூட ஒரு அடுப்பு போதுவதில்லை. உள்ளே கேஸ், வெளியே விறகு, அலமாரியில் ஓர் இண்டக்‌ஷன் ஸ்டவ் என்று இரண்டு மூன்று வைத்துக்கொள்கிறார்கள். எதை எதன் மேல் ஏற்றுவது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் கரைவதும்.

ஊட்டி, கொடைக்கானல் பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு உண்டு. திருத்தணிப் பக்கத்து வெயிலில் அதைக் கட்ட யாருக்கும் தோன்றாது. இங்கே வீட்டில் நெருப்பு என்றால் சமையல், வெந்நீர், இரண்டுதான்.

விறகிலிருந்து தொடங்கலாம். சீமைக்கருவேலம் நின்று எரியும், கங்கும் தங்கும். பக்கத்துத் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் கரும்பு அதிகம், சோகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சோகை பற்றவைக்கத்தான் லாயக்கு. பொசுக்கென்று எரிந்து அடங்கிவிடும், ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். வரட்டி மெதுவாக வேகவைக்கும், புகையும் அதுதான் அதிகம் கக்கும். எதை எரித்தாலும் திறந்த அடுப்பில் உண்டாகும் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குப் போகிறது. மீதி கூரைக்கும் கண்ணுக்கும்.

புகையின் கணக்கு சாதாரணமானதல்ல. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதை அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, சென்னையிலும் இந்த மாவட்டத்துக் கிராமங்களிலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. காற்றில் நுண்துகள் கூடக்கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைவதை 2018இல் வெளியிட்டது. கர்ப்பிணிகளுக்குக் கேஸ் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வும் உண்டு. இந்தியா (தமிழ்நாடு) உட்பட நான்கு நாடுகளில் 3,200 பேரை வைத்து நடந்தது. புகை வெகுவாகக் குறைந்தது, பிறப்பு எடையோ குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. கர்ப்பமான பிறகு அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிட முடியாது. முன்பே மாற்றுவது நல்லது.

புகைபோக்கி வைத்த ‘புகையில்லா அடுப்பு’ நடுவழி இல்லையா என்று கேட்கலாம். யோசனை பழையதுதான். வார்தா மகன்வாடியில் உருவான மகன் சூலாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புகளை நாடு முழுக்கக் கொண்டுபோய், 2002இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. குழாயில் கரி அடைக்கும், மண் வெடிக்கும், பூசிக்கொடுக்க ஆள் கிடைக்காது. மாதந்தோறும் குழாயைத் தட்டிச் சுத்தம் செய்யும் பொறுமை இருக்கிற வீட்டுக்கு மட்டும் இது சரி.

கேஸ் இங்கே புதிதல்ல. தமிழக அரசு 2007இல் இலவச இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. அடுப்பு வந்துவிட்டது, சிலிண்டர் விலைதான் விறகை ஒழிய விடவில்லை. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. மொத்தமாக அவ்வளவு புரட்ட முடியாத மாதத்துக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது.

இண்டக்‌ஷன் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது பலன் தரும். ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை ஏறக்குறைய 140 யூனிட் மின்சாரம் செய்துவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டாவது இலவசம். அதைத் தாண்டினாலும் 400க்குள் நிற்கிற வீட்டுக்கு யூனிட் ஐந்து ரூபாய்க்குள் அடங்கும், 140 யூனிட்டும் 700 ரூபாய்க்குள். ஆனால் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தொடுகிற வீட்டில் ஏமாற்றம்தான். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறி, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைகிறது. பாத்திரமும் பார்க்க வேண்டும்: அலுமினியக் குண்டான், பித்தளை, மண்சட்டி எதுவும் உதவாது. அடியில் காந்தம் ஒட்டுகிற தட்டையான பாத்திரமே ஏற்கும். 2,000 வாட் இழுக்கும் ஸ்டவ்வைச் சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. கரண்ட் போனால் அடுப்பும் போச்சு. ஆகவே இது துணை அடுப்புதான்.

ரயில் பிடிக்கிற வீட்டுக்குக் கேஸும் இண்டக்‌ஷனும் பக்கம் பக்கமாக இருந்தால் காலை நேரம் பாதியாகும். சாம்பார் ஒன்றில், பால் ஒன்றில்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது வெந்நீர். நான்கு பேர் குளிக்க 60 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு யூனிட் மின்சாரம், அல்லது 120 கிராம் கேஸ், அல்லது இரண்டு கிலோ விறகு பிடிக்கும். தினமும் கேஸில் வைத்தால் மாதத்துக்குக் கால் சிலிண்டர் குளியலறைக்கே போய்விடும். விறகடுப்புக்கு நியாயமான வேலை இதுதான். கொல்லையில், வாசல்படிக்குத் தள்ளி, அண்டாவை ஏற்றிவிட்டால் புகை வானத்துக்குப் போகும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதும், தை முதல் நாள் பொங்கல் வைப்பதும் வெளியேதானே நடக்கிறது! விறகு இல்லாத வீட்டுக்கு மின்சார ஹீட்டர் போதும். சோலார் ஹீட்டர் விற்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிற ஊரில், மார்கழி தைக்காக மட்டும் அந்தச் செலவு அதிகம். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் யோசிக்கலாம்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் மட்டும் வேண்டாம். மூடிய அறையில் அது கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். வாசனை கிடையாது, தெரியவும் தெரியாது. கரி நெருப்பும் இதே ரகம். மலை ஊர் விடுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் வந்திருக்கின்றன. மழைநாளில் பிள்ளை பெற்றவள் அறைக்குச் சாம்பிராணிச் சட்டி கொண்டுபோகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, புகை காட்டியதும் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

எந்த அடுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் சிலிண்டர் வீட்டில் இருக்கத்தான் போகிறது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கதவைத் திறக்க வேண்டும், சுவிட்சைத் தொடக் கூடாது, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906க்குப் பேச வேண்டும். ரப்பர் டியூபில் அச்சடித்திருக்கும் தேதியைப் பார்த்து, ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.