லீவில் வந்த ஜவானுக்கு: மார்கழி, தை மாத ஆலோசனை

மழை விட்டுக் குழித்தறிக்குள் ஊறிய ஈரம் காயத் தொடங்கும் நாட்களில்தான் ஐயம்பேட்டைக்கு ராணுவப் பிள்ளைகள் லீவில் வருவார்கள். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அக்னிவீர் என்றால் ஆண்டுக்கு மொத்தமே 30 நாள். அதில் ஒரு பங்கைப் பொங்கலுக்கென்று ஒதுக்கி வைத்து, மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வருகிறார்கள். கிளம்பும் முன் யூனிட்டில் நிறுத்திவைத்துப் புத்தி சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆனால் அந்தப் பேச்சு எல்லா ஊருக்கும் பொதுவானது. இது நம் ஊருக்கு.

முதலில் வண்டி. பத்து மாதம் திண்ணையோரம் சாக்கு போர்த்திக் கிடந்த பைக்கை, வந்த அன்றே உதைத்துக் கிளப்பாதீர்கள். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் பிரேக்கையும் டயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் தேதியை நீங்களே பாருங்கள்; பெரும்பாலும் நீங்கள் ஊரில் இல்லாத மாதத்தில்தான் அது முடிந்திருக்கும். காஞ்சிபுரம் – வாலாஜாபாத் சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி விடியலில் பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கும்போது, முன்னால் நிற்கும் லாரியின் பின்விளக்கு எரியவில்லை என்றால் லாரியே தெரியாது. ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் என்ன கெட்டுவிடும்?

ஊருக்குள் இன்னொரு விஷயம். காலையில் தெருவில் பாவு விரித்திருப்பார்கள், வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வளர்ந்த தெருதான், ஆனால் கை பைக்கை மறந்து மாதக் கணக்காகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு பாவு அறுந்தால் அந்த வீட்டில் எத்தனை நாள் வேலை போகும் என்பது நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. யூனிட் கேட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஒரு இருசக்கர வண்டியும் உள்ளே போகாது. அங்கே யாரும் இதைப் பற்றி வாதாடுவதில்லை. அதே ஆள் ஊருக்கு வந்ததும் தலையை வாரிக்கொண்டு வெறுந்தலையாக முக்கு டீக்கடைக்குப் போகிறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் உள்ள அபராதம் ஆயிரம் ரூபாய், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் நிறுத்தப்படலாம். பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். கேன்டீனிலிருந்து கொண்டு வரும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை.

கேன்டீன் என்றதும் அடுத்தது தானாக வருகிறது. “அண்ணே, மிலிட்டரி சரக்கு இருக்கா?” என்று கேட்காத கூட்டாளி எந்த ஊரிலும் இல்லை. கோட்டாவில் வாங்கியதை வெளியாருக்கு விற்பது குற்றம். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் பெருந்தன்மையும் வேண்டாம். குடித்தால் வண்டியின் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் வழக்கு. முதல் முறை பத்தாயிரம் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அந்த வழக்கு நீதிமன்றத்தோடு நிற்காது, யூனிட்டுக்கும் போகும்.

இனி, லீவில் வருகிற பலர் கேள்விப்பட்டிராத ஒன்று. லீவு நாளும் பணி நாளாகவே கணக்கில் வரும் என்று பல பேர் ஆறுதலாக இருக்கிறார்கள். கணக்கு வரைக்கும் அது சரி. ஆனால் லீவில் பட்ட காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு இருந்தால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கும். தற்செயல் விடுப்பில் வீட்டில் மின்சாரம் தாக்கிக் காயமடைந்த ஒரு வீரரின் வழக்கில் 2009இலும், ஆண்டு விடுப்பில் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்ட ஒருவரின் வழக்கில் 2011இலும் உச்ச நீதிமன்றம் கிடையாது என்றே சொன்னது. அக்னிவீர்களுக்கும் ஊன இழப்பீடு பணியால் வந்த ஊனத்துக்குத்தான்: முழு ஊனத்துக்கு 44 லட்சம், 75 சதவீதத்துக்கு 25 லட்சம், 50 சதவீதத்துக்கு 15 லட்சம். தெருமுனையில் விழுந்து உடைந்த காலுக்கு அதில் இடமில்லை.

எல்லையில் பத்து மாதம் நின்றுவிட்டு வந்தவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் விதி மாறும் வரை உங்கள் காலை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு விலக்கு உண்டு: பணியிடத்திலிருந்து ஊருக்கு வரும் பயணமும் திரும்பும் பயணமும் பணியோடு சேர்ந்தவை. ஆகவே வாரண்ட், பயணச்சீட்டு, லீவ் சர்டிபிகேட் மூன்றையும் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள், படம் எடுத்து வீட்டில் ஒருவரிடமும் கொடுங்கள். வழியில் நண்பன் கல்யாணம் என்று சுற்றிக்கொண்டு வந்தால் அந்த விலக்கும் கேள்விக்குரியதாகிவிடும்.

மின்சாரம் தாக்கிய அந்த வழக்கைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை வருகிறான் என்றதும் பழுதான விளக்கு, ஒழுகும் மோட்டார், தறி வீட்டு ஒயரிங் எல்லாம் அவனுக்காகக் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறியிருக்கும், குழித்தறியில் காலை வைத்தால் ஈரம். அந்த ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் திறக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: பையனை லீவில் வேலை வாங்காதீர்கள், அவன் கேட்காமலேயே செய்வான், அதுதான் ஆபத்து.

போகி விடியலில் வண்டி எடுக்காதீர்கள். டயர் எரித்த புகையும் பனியும் சேர்ந்தால் பத்தடி தெரியாது. மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக வாலாஜாபாத் சாலை வழியாகத்தான் பழையசீவரம் போகிறார். பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலும் போகிறார். சுவாமியோடு நடந்து போங்கள், ஆற்றில் இறங்கிக் குளிக்கிற யோசனையை மட்டும் விடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுப்படுகையும் மாறிவிட்டது. ஏரிகளுக்கும் இதேதான். ராணுவத்தில் நீச்சல் சோதனை தேறியிருக்கலாம், அங்கே கரையில் காப்பாற்ற ஆள் நின்றிருப்பார்.

செல்போனில் சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். ராணுவ வீரரின் அட்டையைக் காட்டிப் பழைய ஸ்கூட்டர் விற்பதாகச் சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. உங்கள் அட்டை அவர்களுக்குத் தங்கம். பழக்கமில்லாத பெண் பெயரில் வரும் நட்பு அழைப்பைப் பற்றி யூனிட்டில் சொன்னது நினைவிருக்கும். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930.

விபத்து நடந்துவிட்டால் 108. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும், அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம் அது. அதே நேரத்தில் வீட்டார் செய்ய வேண்டியது யூனிட்டுக்குத் தகவல் சொல்வது. யூனிட் எண்ணை ஜவானின் போனில் மட்டும் வைத்தால், போன் உடைந்ததும் எண்ணும் போய்விடும். ஒரு தாளில் எழுதி சுவாமி அலமாரியில் ஒட்டுங்கள். உடம்பு தேறியதும் அடுத்த கட்டம் பரங்கிமலை ராணுவ மருத்துவமனை. லீவு நீட்டிக்க வேண்டுமென்றால் லீவு முடியும் முன்பே கேட்க வேண்டும்.

தூக்கம் வராமல், வீட்டில் ஒட்டாமல், சின்னச் சின்னதற்கெல்லாம் கோபம் வந்தால் அதையும் காயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கான டெலி மனஸ் 14416 எண்ணில் தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள்.

திரும்பும் ரயிலுக்கு இன்றே முன்பதிவு செய்யுங்கள். இப்போது 60 நாள் முன்பிருந்துதான் பதிவு, பொங்கல் முடிந்த வாரத்தில் சென்ட்ரலில் இடம் கிடைக்காது. இடம் கிடைக்கவில்லை என்பதை யூனிட்டில் யாரும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.