மூன்று கம்பி பேஸ்மேக்கரும் பிளேட்லெட்டும்

கேள்வி: இதயச் செயலிழப்புக்காக அப்பாவுக்கு மூன்று கம்பி பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். இது எப்போது வந்தது? இதனால் பிளேட்லெட் குறையுமா?
வாசகி, கரோல் பாக், புது தில்லி

பதில்: மழை ஓய்ந்து டெங்கு பரவும் மாதங்களில் உங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் எண்ணிக்கைதான் பேச்சு. அந்தப் பயம் இதிலும் வருவது இயல்பு. ஆனால் பேஸ்மேக்கரின் மின்துடிப்பு இதயத் தசையைத் தூண்டுவதற்கானது. பிளேட்லெட் எனும் தட்டணுக்களை அது அழிப்பதில்லை. எண்ணிக்கை குறைந்தால், காய்ச்சலா, ஹெப்பாரின் போன்ற மருந்தா என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆகே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். சில மணி நேரமே அது ஓடியது. அடுத்தடுத்துப் புதியவை பொருத்தப்பட்டு லார்சன் 2001 வரை வாழ்ந்தார். அவருக்கு இருந்தது துடிப்பு குறைந்துபோகும் கோளாறு. மூன்று கம்பி வைப்பது வேறு காரணத்துக்காக: இடது கீழறையின் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல் முன்னும் பின்னுமாக இயங்குவதால் ரத்தம் சரியாக வெளியேறுவதில்லை. அவற்றை ஒன்றுசேர்த்து இயக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் செர்ஜ் கசோவும் சகாக்களும் 1994-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது.

இனி தட்டணுக்கள். அவற்றின் எண்ணிக்கை வேறு, சுபாவம் வேறு. இதயம் பலவீனமானால் உடல் அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது; ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத் தருகிறது. தட்டணுக்களை அடக்கிவைப்பவற்றில் ஒன்று அந்த நைட்ரிக் ஆக்சைடு. அது குறைய, எண்ணிக்கை இயல்பாக இருக்கும்போதே அவை எளிதில் ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. தளர்ந்த அறையில் ரத்தம் தேங்குவதும் உறைவுக்கு வழிவிடுகிறது. சிகிச்சை பலித்து இதயம் நன்றாக அழுத்தினால் ஹார்மோன்களின் வேகம் தணியும், தேக்கமும் குறையும். தட்டணுக்களுக்குக் கிடைக்கும் நன்மை இப்படிச் சுற்றுவழியில் வருவதுதான் என்பது என் கருத்து.

அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பேஸ்மேக்கருக்குப் பின்னும் தேவைப்படும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்களுக்குக் கருவி வைத்த இடத்தில் ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம். அங்கே வீக்கம் தெரிந்தால் பொருத்திய மருத்துவரிடமே காட்டுங்கள். வேறெங்கும் அந்த வீக்கத்தில் ஊசி குத்தி ரத்தத்தை எடுக்க விடவேண்டாம். அந்த வழியே கிருமி புகுந்தால் கருவியையே வெளியே எடுக்க நேரிடும்.